இருபத்தெட்டாம் நாள்

கான்கிரீட்டுக்கு நாள் எண்ணத் தெரியும்
என்று எனக்குச் சொன்னவள் யெசேனியா கூரின்.
ஏழாம் நாளில் மூன்றில் இரண்டு பங்கு பலம்,
இருபத்தெட்டாம் நாளில் முழுசும்.
அதற்குள் எங்களுக்கு
ஒரு வகைக்கெழுச் சமன்பாட்டுத் தேர்வு,
நான்கு நாள் மாணவர் வேலைநிறுத்தம்,
இதாலோவுக்கு ஒரு காதல் தொடங்கி முடிந்தது.
உருளைகள் மூன்றும் தொட்டித் தண்ணீரில்
இருபது டிகிரியில்
எங்கள் கவலை எதுவுமின்றிக் கிடந்தன.

கொன்செப்சியோனில் ஜூன் என்றால் மழை.
பியோபியோ ஆற்றுப் பக்கமிருந்து வரும் காற்று
குடையை மடக்க விடாது, பிரித்தே போடும்.
அப்படியொரு காலையில்தான் வார்த்தோம்.
மற்ற இருவரும் அச்சுகளுக்கு எண்ணெய் பூச,
கலவை என் பங்கு.
கெட்டியாக இருந்தது. கரண்டி அசையவில்லை.
விரல்கள் என்னுடையவையாக இல்லை.
ஒரு பீக்கர் தண்ணீர் ஊற்றினேன்.
யாரும் பார்க்கவில்லை.
இன்னொன்று ஊற்றினேன்.
கலவை சொன்னபடி கேட்டது.

கூம்பைத் தூக்கியதும்
பொத்தென்று உட்கார்ந்தது.
"தண்ணீர் கூடிப்போச்சோ?" என்றான் இதாலோ.
மணல் நனைந்திருக்கும், மழை, என்றேன்.
மூன்று அடுக்கு, அடுக்குக்கு இருபத்தைந்து குத்து.
யெசேனியா உரக்க எண்ணினாள்,
எனக்கு ஒவ்வொரு எண்ணும்
விலா எலும்பில் விழுந்தது.

இன்று எந்திரத்தில் வைத்தோம்.
இருபத்தைந்து மெகாபாஸ்கல் வரவேண்டும்.
முந்நூறு கிலோநியூட்டனில்
காய்ந்த ரொட்டியை இரண்டாகப் பிய்க்கும் சத்தம்.
பதினேழு.
அடுத்தது பதினாறு புள்ளி ஆறு.
அடுத்தது பதினேழு புள்ளி மூன்று.
மூன்றும் ஒன்றையொன்று விட்டுக்கொடுக்கவில்லை.
என் பொய் அத்தனை சீராகக் கலந்திருந்தது.

வியாழக்கிழமை இதாலோவுக்கு நேர்முகம்,
அந்தோஃபகாஸ்தா சுரங்கக் கம்பெனியில்.
"இருபத்து நாலு புள்ளி எட்டு என்று போடு," என்றான்,
"உடைந்ததை யார் வந்து
மறுபடி உடைக்கப்போகிறார்கள்?"
அவன் சொன்னதில் தர்க்கப் பிழை இல்லை.

யெசேனியா ஒரு சில்லை எடுத்து
நகத்தால் சுரண்டினாள். மாவாக உதிர்ந்தது.
நிலம் ஆடிய அந்தப் பிப்ரவரி இரவில்
அவள் சின்னக் குழந்தை.
அதைப் பற்றிப் பேசியதே இல்லை.
எந்தக் கட்டடத்துக்குள் போனாலும்
முதலில் தூணைப் பார்ப்பாள்,
பிறகுதான் ஆளை.
"இது மழை இல்லை," என்றாள்
சில்லிடம்.

இரண்டு பீக்கர், என்றேன்.

திட்டுவாள் என்று காத்திருந்தேன்.
"எந்த பீக்கர்? அறுநூறு மில்லியா?"
என்று கேட்டுப் பென்சிலை எடுத்தாள்.
தண்ணீர், சிமெண்ட், விகிதம்:
புள்ளி ஐம்பது அல்ல, புள்ளி அறுபத்தேழு.
பாடப்புத்தகத்தின் வளைகோட்டில்
விரலை ஓட்டிக்கொண்டே போனாள்,
நின்றாள்.
எங்கள் மூன்று உருளையும் அந்தக் கோட்டின்மேலேயே
போய் உட்கார்ந்திருந்தன.
"பாரேன்!" என்று என் தோளைக் குத்தினாள்.
அவ்வளவு சந்தோஷத்தை
நான் செய்த எந்தச் சரியான காரியமும்
யாருக்கும் கொடுத்ததில்லை.

ஏழுக்கு ஐந்து புள்ளி ஒன்று வந்தது.
"நீங்கள் செய்த தவறு ஒன்றைச் சொல்லுங்கள்"
என்று நேர்முகத்தில் கேட்டார்களாம்.
இதாலோ என்னுடையதைச் சொன்னான்.
வேலை கிடைத்துவிட்டது அவனுக்கு.

இரவு அறைக்குத் திரும்பும்போது
படிக்கட்டருகே தூணில் கை வைத்தேன்.
ஆறு மாடி. சுண்ணாம்பு பூசி,
யாரோ காதலர் பெயர் கீறி,
சில்லென்று நின்றது.
இதை வார்த்த காலையில்
மழை பெய்ததா,
யாருடைய விரல் விறைத்திருந்தது,
எத்தனை பீக்கர்?